ஒப்பும் ஒப்புக்கும்

கண்டிப் பக்கம் தெல்தோட்டையில் என்னிடம் ஆங்கிலம் படிக்கும் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி தன் குடும்பத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வந்தாள். அவளுடைய தாத்தாவின் அண்ணன் 1970களில் மனைவி மக்களோடு இந்தியாவுக்குப் போனவர். அதைச் சொல்ல அவள் எடுத்துக்கொண்ட ஆங்கில வினைச்சொல் 'அக்வியெஸ்'. எதற்காக இந்தச் சொல் என்று கேட்டேன். அகராதியைத் திருப்பிக் காட்டினாள். 'சம்மதி, இணங்கு, உடன்படு' என்று போட்டிருந்தது.

"அப்ப அவங்க சம்மதிச்சாங்களா?"

"தெரியாது டீச்சர். கையெழுத்து வச்சாங்க. அதான் சம்மதம்னு எழுதினேன்."

கையெழுத்து வைத்தால் சம்மதம். வாய் திறக்காமல் இருந்தாலும் சம்மதம். இதை அவள் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. வகுப்பறைகளிலும் அலுவலகங்களிலும் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் பெண் பார்க்கப் போகும் வீடுகளிலும் இதே கருத்துத்தான் புழங்குகிறது. இலங்கைத் தோட்டங்களில் உழைக்க இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழரைப் பற்றிப் பேசும்போது, படித்தவர்கள்கூட, நம்மவர்கள்கூட, 'ஒத்துக்கொண்டுதானே போனார்கள்', 'நம்ம சனம் எதுக்கும் ஒத்துப்போகும்' என்று இலேசாகச் சொல்லிவிடுகிறார்கள். இது முதலில் மொழிப் பிழை. பிறகு வரலாற்றுப் பிழை. இரண்டையும் மறுக்க வேண்டியிருக்கிறது.

மொழியிலிருந்து தொடங்குகிறேன். ஒத்துக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் பல வினைகள் இருக்கின்றன. 'அக்ரீ' பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் அடியில் கிடப்பது 'மனத்துக்குப் பிடித்தது' என்ற பொருள். 'கன்சென்ட்' இலத்தீனில் சேர்ந்து உணர்வது. 'கன்கர்' சேர்ந்து ஓடுவது. இந்த மூன்றிலும் ஏதோ ஒன்று நடக்கிறது: பிடிக்கிறது, உணர்கிறார்கள், ஓடுகிறார்கள். 'அக்வியெஸ்' மட்டும் வேறு குடும்பம். அமைதியாகக் கிடத்தல், ஓய்ந்திருத்தல் என்ற இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. பிள்ளைகளை அடக்க நாம் சொல்லும் 'குவயட்' அதன் கூடப்பிறந்தது. ஒன்றை விரும்பாமலே, எதிர்ப்புக் காட்டாமல், நடக்க விட்டுவிடுவதற்குப் பெயர் 'அக்வியெஸ்'. கவனமாக எழுதும் ஆங்கிலேயர் இந்த வினைக்குப் பின்னால் 'டு' போடுவதைவிட 'இன்' போடுவதையே விரும்புவார்கள். எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிகிறது. முன்னால் வைக்கப்பட்ட ஒன்றுக்குச் சம்மதம் சொல்லலாம். ஏற்கனவே நம்மைச் சூழ்ந்துவிட்ட ஒன்றுக்குள் இருந்துகொண்டு என்ன சொல்வது? சும்மா இருக்கத்தான் முடியும்.

தமிழில் 'ஒத்துக்கொள்' என்ற ஒற்றை வினை ஏகப்பட்ட சுமை தூக்குகிறது. கருத்தை ஒத்துக்கொள்கிறோம், கூலியை ஒத்துக்கொள்கிறோம், களவையும் ஒத்துக்கொள்கிறோம். அதனால்தான் பிள்ளைகள் 'குற்றத்தை ஒத்துக்கொண்டான்' என்பதற்கும் 'அக்ரீ' போட்டு எழுதி அடி வாங்குகிறார்கள். அது சின்ன விடயம், திருத்தினால் திருந்திவிடும்.

ஆனால் தமிழுக்கு இந்த வேறுபாடு தெரியாது என்று யாராவது சொன்னால் அதை ஏற்க மாட்டேன். 'ஒப்பு' என்றால் இசைவு. அதே சொல்லில் ஒரு 'க்கு' ஒட்டிப் பாருங்கள்: ஒப்புக்குச் சிரித்தான், ஒப்புக்குத் தலையாட்டினாள், ஒப்புக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். உள்ளே இசைவு இல்லாமல் வெளியே இசைவின் உருவத்தை மட்டும் காட்டுவதற்கு நம் பாட்டிமார் வைத்திருக்கும் சொல் அது. படிக்காத எந்தத் தேயிலைக் கொழுந்துக்காரியும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. குழப்புகிறவர்கள் எழுதத் தெரிந்தவர்கள்தான்.

'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி' என்று ஒரு வாசகம் நம்மிடம் சுற்றித் திரிகிறது. கூடத்தில் பத்துப்பேர் உட்கார்ந்திருக்கத் தலை குனிந்து நிற்கும் பெண்ணைப் பார்த்துப் பெரியவர்கள் சொல்லும் வாசகம். மேற்கிலும் இதே வாசகம் இலத்தீனில் இருக்கிறது. 1535இல் லண்டனில் சட்ட அறிஞர் தோமஸ் மோர் திருச்சபைமீது அரசனின் தலைமையை ஏற்கும் சத்தியத்தைச் செய்யாமல் வாய் மூடியிருந்தார். மௌனத்தைச் சம்மதமாகத்தானே சட்டம் எடுத்துக்கொள்ளும் என்று விசாரணையில் அந்த வாசகத்தையே கேடயமாகப் பிடித்தார். அவர் தலை தப்பவில்லை. ஆள்கிறவனுக்கு வேண்டும்போது மௌனம் சம்மதமாகிறது, வேண்டாதபோது துரோகமாகிறது. அந்த இலத்தீன் வாசகத்துக்குச் சட்டத்தார் சேர்த்துச் சொல்லும் ஒரு வாலும் உண்டு. பேச வேண்டியவனாகவும் பேச முடிந்தவனாகவும் இருந்தவன் பேசாமல் இருந்தால்தான் அது சம்மதம் என்பது அந்த வால். நம்மிடம் வந்து சேர்ந்த வாசகத்தில் வால் இல்லை. பேச முடிந்ததா என்று யாரும் கேட்பதும் இல்லை.

அந்தக் கேள்வியைத் தோட்டத்துக்குக் கொண்டுவருகிறேன், ஒரு குதிரை வழக்கின் வழியாக.

1862இல் இங்கிலாந்தில் ஒரு குதிரையைப் பற்றி வழக்கு நடந்தது. ஒருவர் தன் சகோதரரின் மகனுக்குக் கடிதம் எழுதினார்: உன் குதிரைக்கு 30 பவுண் 15 ஷில்லிங் தருகிறேன், உன்னிடமிருந்து பதில் வராவிட்டால் குதிரை என்னுடையது என்று எடுத்துக்கொள்வேன். குதிரைக்காரர் பதில் எழுதவில்லை. ஏலக்காரர் தவறுதலாகக் குதிரையை வேறு ஆளுக்கு விற்றுவிட, கடிதம் எழுதியவர் வழக்குப் போட்டார். நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பேசாமல் இருப்பதை ஒப்புதலாக மற்றவன்மீது சுமத்த முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி என்ற அந்த வழக்கை இன்றும் ஒப்பந்தச் சட்டம் படிக்கும் மாணவர்கள் எல்லாரும் படிக்கிறார்கள்.

மூன்றே வருடம் கழித்து, 1865இல், அதே ஆங்கிலேயர் இலங்கையில் 11ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். வேலையாட்களின் சேவை ஒப்பந்தங்களைப் பற்றிய சட்டம். வாயால் பேசிக்கொண்ட வேலை ஒப்பந்தம் ஒரு மாதத்துக்கானது என்று கொள்ளப்படும். ஒரு கிழமைக்கு முன்னால் அறிவித்தல் கொடுக்காவிட்டால் அடுத்த மாதத்துக்கும் தானாகப் புதுப்பிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். 'கொள்ளப்படும்' என்பதுதான் உயிர்நாடி. நீ சொன்னாயோ இல்லையோ, சொன்னதாக நாங்கள் வைத்துக்கொள்வோம். நியாயமான காரணமின்றி வேலையை விட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை. இங்கிலாந்தில் ஒரு குதிரை விற்பனைக்கு மௌனம் போதாது. இலங்கையின் லூல்கந்துர மலைத் தோட்டத்தில் ஒரு மனிதனுக்கு அது போதும்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். மாதாமாதம் புதுப்பிக்கும் ஒப்பந்தம் எந்த நாட்டிலும் உண்டு, வீட்டு வாடகையும் அப்படித்தான், பிடிக்காதவன் ஒரு கிழமை அறிவித்தல் கொடுத்துவிட்டுப் போகலாமே என்பார்கள். போகலாம், போக இடமிருந்தால். துண்டு முறையை நினைத்துப் பாருங்கள். தொழிலாளி, ஆள் சேர்த்த கங்காணியிடம் பட்ட கடனை எழுதிய துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. அந்தக் கடனைப் புதுத் தோட்டம் ஏற்றால்தான் ஆள் இடம் மாறலாம். கப்பலேறிய நாளிலிருந்து பட்ட கடன் அது. அரிசிக்கும் கம்பளிக்கும் சேர்ந்து சேர்ந்து வளர்ந்தது. 1921இல்தான் துண்டு ஒழிக்கப்பட்டது. அதுவரை பேர் பதியும் பிரட்டுக்களத்தில் ஒவ்வொரு விடியலும் வந்து நின்றவர்கள் புதுப்பித்துக்கொண்டிருந்தது எதை? பீஜிக்கும் நேட்டாலுக்கும் போனவர்கள் 'அக்ரிமென்ட்' என்ற சொல்லைக் 'கிர்மிட்' ஆக்கித் தங்களைக் கிர்மிட்டியர் என்று அழைத்துக்கொண்டார்கள். அவர்கள் கையில் ஒரு கடதாசியாவது இருந்தது, அதில் ஒரு முடிவுத் தேதியாவது இருந்தது. நம்மவருக்குத் தேதியும் இல்லை.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறார்கள். அவர் நட்டது 1865இன் சட்டம் வந்து இரண்டு வருடத்தில். 1865ஐயும் 1867ஐயும் சேர்த்து யாரும் படிப்பிப்பதில்லை.

அடுத்தது, நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமானது. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானவர்களை நாடற்றவராக்கியது. அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1949இன் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், இந்திய வம்சாவளியினர் தொடர்ச்சியாக இங்கே வாழ்ந்ததை நிரூபித்து விண்ணப்பித்தால் குடியுரிமை கிடைக்கலாம் என்றார்கள். தோட்டத் தமிழரின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் இதை முதலில் பகிஷ்கரித்தது, பிறகு விண்ணப்பிக்கச் சொன்னது. 1951இல் கெடு முடிந்தபோது சுமார் 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் வந்திருந்தன. அவற்றுக்குள் அடங்கிய ஆட்கள் சுமார் 8 இலட்சத்து 24 ஆயிரம். பத்து வருடத்துக்கு மேல் இழுத்தடித்து, சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குக் கொடுத்தார்கள். மற்ற மனுக்கள் பிறப்புச் சான்று இல்லை, இடையில் ஊருக்குப் போய்வந்தாய், கடிதத்துக்குப் பதில் இல்லை என்று தள்ளப்பட்டன.

'ஒத்துக்கொண்டுதானே போனார்கள்' என்பவர்களுக்கு நான் காட்டும் முதல் சான்று இந்த 8 இலட்சம். கேட்கப்பட்ட முதல் தடவையே இந்த மக்கள் மிகத் தெளிவாகப் பதில் சொன்னார்கள்: இங்கேதான். அந்தப் பதில் எழுத்தில், அரசாங்கக் காரியாலயத்தில், கட்டுக்கட்டாக இருந்தது.

அதைப் புறம்தள்ளிவிட்டு 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இந்த மக்களைப் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். அதில் 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தையும் 1974இல் இந்திரா காந்தியோடு பேசி ஆளுக்கு 75 ஆயிரமாகப் பிரித்துக்கொண்டார்கள். எத்தனை பேர் போக வேண்டும் என்பது முதலில் முடிவானது. யார் போவார்கள் என்பது பிறகு. போக விரும்புகிறீர்களா என்ற கேள்விக்கு அந்த வரிசையில் இடமே இருக்கவில்லை. தலைக்கணக்கு முதலில் முடிந்துவிட்ட பிறகு ஒருவனிடம் நீட்டப்படும் படிவத்தைச் சம்மதப் பத்திரம் என்று எப்படிச் சொல்வது?

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைக்க மாட்டேன். உண்மையிலேயே போக விரும்பியவர்கள் இருந்தார்கள். ஊரில் காணியும் கோயிலும் உறவும் இருந்தவர்கள், பிள்ளைகளை அங்கே படிக்க வைக்கலாம் என்று நம்பியவர்கள். அவர்களையும் பலியாட்களாக்கினால் அவர்களுக்கென்று ஒரு மனம் இருந்ததையே மறுத்ததாகும் என்று சொல்கிறார்கள். சரியான எச்சரிக்கை. அவர்கள் உடன்பட்டார்கள், அவர்களுக்கு 'அக்ரீ' பொருந்தும். ஆனால் விருப்பம் இருந்தவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே படிவம், ஒரே பெருவிரல் ரேகை. கடதாசியைப் பார்த்து இன்னதென்று பிரிக்க முடியாது. கடதாசியை மட்டும் வைத்து வரலாறு எழுதுகிறவர்கள் எல்லாரையும் விரும்பிப் போனவர் பக்கத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அதைத்தான் மறுக்கிறேன்.

எண்களே மறுக்கின்றன. முதற்கட்ட விண்ணப்பங்களில் இலங்கைக்கு ஒதுக்கிய 3 இலட்சத்தைவிட மிக அதிகமானவர்கள் இலங்கைக் குடியுரிமையையே கேட்டார்கள். இரண்டு ஒப்பந்தங்களையும் சேர்த்து இந்தியாவின் பங்கு 6 இலட்சம். காலக்கெடுவை நீட்டி நீட்டிப் பார்த்தும் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 5 இலட்சத்து 6 ஆயிரம். விழுந்த அந்த 94 ஆயிரம் இடைவெளியைக் கடைசியில் 1986இல் இலங்கை ஒரு தனிச் சட்டம் போட்டு ஏற்க வேண்டியதாயிற்று. விண்ணப்பித்தவர்களும் எந்தக் காலத்தில் விண்ணப்பித்தார்கள் என்று பாருங்கள். 1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம். பலர் பட்டினியால் செத்தார்கள். 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தம். கண்டி மாவட்டத்தில் தோட்டங்கள் கை மாறி, குடியிருந்த லயத்தைவிட்டுக் குடும்பங்கள் விரட்டப்பட்டன. 1977 ஓகஸ்டில் தமிழர்மீது அடி, நெருப்பு. அதற்குப் பிறகு ஒருவன் படிவத்தை நிரப்பினால் அவன் இந்தியாவைத் தேர்ந்தானா, நெருப்பிலிருந்து நகர்ந்தானா?

இந்தக் கணக்கில் என்னை அதிகம் உறுத்துவது வேறு ஒன்று. 1951இன் எண்களை ஒருமுறை வகுத்துப் பாருங்கள். ஒரு விண்ணப்பத்துக்கு ஏறத்தாழ மூன்றரைப் பேர். குடும்பத் தலைவன் மனுப் போடுவான். மனைவியும் பருவமடையாத பிள்ளைகளும் அதற்குள் அடக்கம். 1964க்குப் பிறகும் பெரும்பாலும் இதே வழிதான். அவன் இந்தியா என்றால் அவளும் இந்தியா. மலையில் கொழுந்து எடுத்து, இரண்டு சம்பளத்தில் ஒன்றைக் கொண்டுவந்து வீட்டை ஓட்டியவள் அவள். அவளுடைய தாயும் தகப்பனும் அதே தோட்டத்தின் அடுத்த லயத்தில் இருந்திருப்பார்கள். அக்காள் இலங்கை, தங்கை இந்தியா என்று பிரிந்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ. அந்தப் பெண்களிடம் எந்த அதிகாரி தனியாகக் கூப்பிட்டு 'உனக்கு என்னம்மா விருப்பம்' என்று கேட்டார்? அரசின் கணக்கில் அவள் சம்மதித்தவள். அவள் 'அக்வியெஸ்' பண்ணக்கூட இல்லை. அதற்கும், எதிர்க்க அவளுக்கு ஒரு வாய்ப்பாவது இருந்திருக்க வேண்டும்.

நேற்று நடந்ததற்கும் இதே அகராதிதான். 2018இல் அடிப்படைச் சம்பளம் ஆயிரம் ரூபா வேண்டும் என்று தோட்டங்கள் கொந்தளித்தன. ஒக்டோபர் 24ஆம் திகதி மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் திரண்டார்கள். 2019 ஜனவரியில் சில தொழிற்சங்கங்கள் முதலாளிமார் சம்மேளனத்தோடு கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அடிப்படைச் சம்பளம் 500இலிருந்து 700 ஆனது. மறுநாள் தொழிலாளர் மலைக்கு ஏறினார்கள். 'பார்த்தீர்களா, ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்' என்று சொல்லப்பட்டதை என் காதால் கேட்டேன். வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. பேர் விழாவிட்டால் மாதக் கடைசியில் கடைக்காரருக்கு என்ன சொல்வது? கொழுந்துக் கூடையைத் தூக்கியதை ஒப்புதலாக வாசிப்பவர்கள் 1865க்குள்தான் இன்னும் இருக்கிறார்கள்.

மௌனத்தை ஒருபோதும் சம்மதமாக எடுக்கவே கூடாதென்றால் உலகம் எப்படி நடக்கும் என்று ஒரு நண்பர் கேட்டார். கூட்டத்தில் 'ஆட்சேபணை உண்டா' என்கிறோம், ஒருவரும் பேசாவிட்டால் நிறைவேற்றிவிடுகிறோமே. ஆமாம். அங்கே எழுந்து 'உண்டு' என்று சொன்னால் ஒருவரையும் லயத்தைவிட்டு இறக்க மாட்டார்கள். எழுந்தவன் மறுபடி உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம். இல்லை என்று சொல்வதற்கு என்ன விலை என்று கேளுங்கள். விலை ஒன்றுமில்லையென்றால் மௌனத்தைச் சம்மதமாக எடுங்கள். விலை ஒரு குடும்பத்தின் சோறு என்றால் அந்த மௌனத்தைத் தொடாதீர்கள்.

இவ்வளவையும் வகுப்பில் சொன்னேன். அகராதியின் 'சம்மதி'யை வெட்டிவிட்டு 'அக்வியெஸ்' என்பதற்குத் தமிழில் என்ன போடலாம் என்று கேட்டேன். 'ஒப்புக்கு இணங்கு' என்றான் ஒரு பையன். 'வாய் பேசாமல் ஏற்றுக்கொள்' என்றான் இன்னொருவன். எனக்கு இரண்டாவது பிடித்திருந்தது. கரும்பலகையில் எழுதினேன். கட்டுரை எழுதிய மாணவி மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"வாய் பேசாம போகல டீச்சர்," என்றாள். "அப்பாயி சொல்லும். கண்டி ஸ்டேஷன்ல நின்னு ஒப்பு வச்சு அழுதாங்களாம். கோச்சிக்குள்ள இருந்தவங்களும் அழுதாங்க, கீழ நின்னவங்களும் அழுதாங்க. கோச்சி கிளம்பின சத்தமே கேக்கலியாம்."

இந்தியாவுக்குக் கப்பலேறுகிறவர்களோடு தலைமன்னாருக்குப் போன அந்த வண்டியை மலையகம் ஒப்பாரிக் கோச்சி என்றுதான் நினைவில் வைத்திருக்கிறது. முப்பது வருடம் இந்த வினைச்சொல்லைப் படிப்பித்தவள் நான். சம்மதம் என்பது பிழை, அமைதியாக ஏற்றது என்பது சரி என்று இவ்வளவு நேரம் வாதாடியவளும் நான்தான். ஸ்டேஷன் மேடையில் நின்றவர்கள் அமைதியாக இருக்கவில்லை. ஊர் பெயர் சொல்லி, விட்டுப்போகிற தாயின் பெயர் சொல்லி, தேயிலைக்கடியில் புதைத்த பிள்ளையின் பெயர் சொல்லி அவர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பை எழுதிக்கொள்ள எந்தப் படிவத்திலும் கட்டம் இருக்கவில்லை.

அவள் தன் கட்டுரையில் அந்தச் சொல்லை அடித்துவிட்டாள். அதன் மேல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: அவர்கள் அழுதார்கள், அவர்களை அனுப்பினார்கள். முழுப் புள்ளி போட்டுவிட்டேன்.